எழுபத்திரண்டு வயதில் எடுத்த கத்தரிக்கோல்

நோய்க்காலத்தில் துணி, தாள் கைவினைகள்: நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் ஒரு பாடம்

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் மருந்துச் சீட்டை எழுதி நீட்டும் வேளையில் பலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "மாத்திரை சரி டாக்டர், இனி இந்தக் கையால் என்ன செய்ய முடியும்?" முடக்குவாதத்தால் விரல் கோணியவர் கேட்பார், பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்தவர் கேட்பார், புற்றுநோய் மருந்துகளால் விரல்நுனி மரத்துப்போனவரும் கேட்பார்.

"ஓய்வெடுங்கள்" என்பதே நெடுங்காலமாக எங்கள் விடையாக இருந்தது. அது பாதி விடை மட்டுமே என்பதைப் பின்னரே உணர்ந்தோம். ஓய்வு உடலுக்கு வேண்டும். ஆயினும், ஆண்டுக்கணக்கில் கோலமிட்டும் பூத்தொடுத்தும் பேரக்குழந்தைக்குச் சட்டை தைத்தும் பழகிய கைகளை மடிமீது வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால், நோயோடு சேர்ந்து இன்னொன்றும் அவரைப் பற்றிக்கொள்கிறது. 'நான் இனிப் பெறுபவள் மட்டுமே. தருபவள் அல்லள்' என்னும் எண்ணமே அது. ஆகையால் இப்போது நாங்கள் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறோம்: "நோய் வருமுன் உங்கள் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன?"

இந்த இதழின் பாடம் அக்கேள்வியைப் பற்றியது. துணியையும் தாளையும் கொண்டு செய்யும் கைவினைகளை எடுத்துக்கொண்டு, நோயாளர் ஒருவர் தம் நாளில் அவற்றுக்கு எவ்வாறு இடந்தரலாம் என்பதை விளக்க முயல்கிறோம். இதற்கு வழிகாட்டியாக, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வாழ்ந்த மேரி டெலானி என்னும் பெண்மணியின் வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டோம்.

நூலோடு கழிந்த நாட்கள்

மேரி 1700ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பிறந்தார். பதினேழாம் வயதில், ஏறத்தாழ அறுபது வயதான ஒருவருக்கு அவர் விருப்பமின்றி மணம்செய்விக்கப்பட்டார். சில ஆண்டுகளில் கணவர் இறந்தார். இருபத்தைந்து வயதை ஒட்டியே மேரி கைம்பெண் ஆனார். பின்னர் 1743இல், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், பாட்ரிக் டெலானி என்னும் அயர்லாந்துச் சமயகுருவை விரும்பி மணந்தார். டப்ளின் நகரை அடுத்த டெல்வில் என்ற இல்லத்தில் இருவரும் தோட்டம் வளர்த்து வாழ்ந்தனர்.

அவ்வில்லத்தில் மேரியின் கைகள் ஓய்ந்திருந்த நாள் அரிது. பட்டுத்துணியில் மலர்களைப் பூவேலையாகத் தைத்தார். கறுப்புப் பட்டின்மேல் நிறநிறமாய்ப் பூக்கள் படரும் ஆடை ஒன்றின் பூவேலை இன்றும் பேசப்படுகிறது. நாற்காலி உறைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் வெள்ளை நூலில் முடிச்சுகளிட்டு அணிசெய்தார். சிறு சிப்பிகளைக் கொண்டு சுவர்களை அழகுபடுத்தினார். மாலையில் நண்பர்களோடு உரையாடும்போதும் கையில் நூல்முடிச்சு வேலை இருக்கும். இவை எதையும் விற்பதற்காக அவர் செய்யவில்லை. உண்பது போலவும் உறங்குவது போலவும் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகவே செய்தார்.

இழப்பும் ஓர் இதழும்

1768இல் பாட்ரிக் இறந்தார். அப்போது மேரிக்கு வயது ஏறத்தாழ அறுபத்தெட்டு. இதன்பின் நிகழ்ந்ததை மருத்துவர் என்ற முறையில் நாங்கள் கூர்ந்து கவனிக்கிறோம். முன்பு இன்பம் தந்த வேலைகளெல்லாம் தமக்கு இன்பம் தரும் ஆற்றலை இழந்துவிட்டன என்று மேரியே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அவற்றைப் பாராட்டி மதிப்பூட்டிய துணைவர் இல்லாமற்போனதே காரணம் என்றும் குறிப்பிடுகிறார்.

இந்தச் சொற்களை எங்கள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். "தையல் எந்திரத்தைப் பார்த்தாலே மனம் வெறுத்துப்போகிறது" என்பார் ஒருவர். "கோலப்பொடியைத் தொட்டு ஓராண்டாகிறது" என்பார் மற்றொருவர். விரும்பியவற்றில் விருப்பம் அற்றுப்போவது மனச்சோர்வின் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று. சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ இதனைக் கருதுதல் தவறு.

கணவரை இழந்த மேரிக்கு அவருடைய நெடுநாள் தோழி, போர்ட்லண்டு கோமகள் மார்கரெட் பெண்டிங்க், துணைநின்றார். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள புல்ஸ்ட்ரோடு என்ற தம் மாளிகையில் மேரியை ஆண்டில் பல மாதங்கள் தங்கவைத்துக்கொண்டார். தாவரவியலில் பேரார்வம் கொண்ட கோமகளின் இல்லத்துக்கு அறிஞர்கள் வந்துபோவர். அரிய செடிகளும் வந்துசேரும்.

1772ஆம் ஆண்டில் ஒரு நாள், மேசைமீது கிடந்த சிவப்புத் தாள் ஒன்றின் நிறம், அருகிலிருந்த ஜெரேனியம் மலரின் நிறத்தோடு அப்படியே ஒத்திருப்பதை மேரி கண்டார். கத்தரிக்கோலை எடுத்து, பூவைப் பார்த்தபடியே இதழ் இதழாக அத்தாளை நறுக்கினார். உள்ளே நுழைந்த கோமகள், தாளிதழ்களை உண்மையான மலரின் இதழ்கள் என்றே எண்ணிவிட்டாராம். இது மேரியின் குடும்பத்தார் வழியாக வந்த செய்தி. அவ்வாண்டு அக்டோபரில், மலர்களை உருவாக்கப் புதியதொரு வழி கண்டதாக மேரி தம் உடன்பிறந்தாள் மகளுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

ஒரு மலர் உருவாகும் முறை

அவருடைய முறை எளிய பொருள்களைக் கொண்டது. முதலில் ஒரு தாளுக்கு அடர்ந்த கறுப்பு வண்ணம் பூசி உலரவைப்பார். அதுவே பின்புலம். செடியை நீர்க்கலத்தில் இட்டு எதிரில் வைத்துக்கொள்வார். பின்பு வண்ணத்தாள்களைச் சிறு துண்டுகளாக வெட்டுவார். இதழின் ஒளிபடும் பகுதிக்கு ஒரு நிறம், நிழல்படும் பகுதிக்கு இன்னொரு நிறம், நரம்புக்கு மயிரிழை போன்ற ஒரு கீற்று என ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். கோடு வரைந்துகொள்ளாமல் கண்ணால் அளந்தே வெட்டுவார் என்பர். ஒரே மலரில் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்துண்டுகள் அமைந்த படமும் உண்டு. அது கொடித்தோடை இனத்தைச் சேர்ந்த ஒரு பூ. முடிந்தபின் தாளின் பின்புறத்தில் செடியின் பெயர், செய்த இடம், நாள், செடியைக் கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைப்பார்.

இவ்வாறு பத்து ஆண்டுகளில் அவர் முடித்த மலர்ப்படங்கள் 985. சராசரியாக வாரத்துக்கு இரண்டு! மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அரசி சார்லட்டும் இம்முயற்சியில் ஈடுபாடு கொண்டனர். கியூ தோட்டத்திலிருந்து அரிய மலர்கள் அவருக்கு அனுப்பப்பட்டன. பத்துத் தொகுதிகளாக அமைந்த அப்படங்கள் இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

பக்கத்து வேலையைத் தேடுதல்

இவ்வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இதுதான்: இழந்த வேலைக்கே திரும்ப வேண்டும் என்று மேரி தம்மை வருத்திக்கொள்ளவில்லை, அதன் பக்கத்தில் இருந்த வேலையைக் கண்டடைந்தார். பூவேலை தைத்த ஐம்பது ஆண்டுகளில் அவர் பெற்ற கண், நிறம்பற்றிய அறிவு, பொறுமை ஆகியவை அனைத்தும் தாள்மலர்களுக்குப் பயன்பட்டன. கறுப்புப் பட்டின்மேல் மலர் தைத்தவர் கறுப்புத் தாளின்மேல் மலர் ஒட்டினார். கருவியும் பொருளும் மாறின, கற்றது மாறவில்லை.

பிரான்சு நாட்டு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் வாழ்விலும் இதைக் காண்கிறோம். 1941இல், எழுபத்தொரு வயதில், குடல் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்டுதல் அவருக்கு அரிதாயிற்று. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசித் தந்தனர். அவர் சொன்ன இடத்தில் துண்டுகளைச் சுவரில் குத்திவைத்தனர். 1954இல் மறையும்வரை அவர் இம்முறையில் படைத்தவை, இன்று அவருடைய சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றன.

ஆகவே, தரையில் அமர்ந்து கோலமிட இயலாதவர், மேசைமீது தாளில் புள்ளிவைத்து வண்ணத்துண்டுகளை ஒட்டலாம். தையல் எந்திரத்தின் மிதியை மிதிக்க இயலாதவர், கைத்தையலில் துணித்துண்டுகளை இணைக்கலாம். ஊசி பிடிக்க இயலாதவர், துண்டுகளின் நிறங்களைத் தேர்ந்து அடுக்கித் தரலாம். தைப்பவர் மற்றொருவராக இருக்கட்டும். 'முன்பு செய்தது முடியவில்லை' என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், 'அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது' என்று தேடுவதே முதற்படி.

உழைத்த உடையில் ஒரு போர்வை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்றுவளைவு ஒன்றுக்குள் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குயில்ட் எனப்படும் போர்வைகளைத் தைத்து வருகின்றனர். துண்டுத் துணிகளை இணைத்து மேற்பரப்பு, நடுவே பஞ்சு, கீழே ஒரு துணி, இம்மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல் என்பதே குயில்ட்டின் அமைப்பு. குளிர்காலத்தில் குழந்தைகளுக்குப் போர்த்துவதற்காகவே அவர்கள் தைத்தனர். கிழிந்த உடைகளே அவர்களுடைய மூலப்பொருள்.

1942இல் அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு குயில்ட் தைத்தார். கணவரை நினைவில் வைத்திருக்கவும், அன்பின் பொருட்டு அதைப் போர்த்திக்கொள்ளவுமே தாய் அதைச் செய்ததாக, உடனிருந்து உதவிய மகள் ஆர்லான்சியா பின்னாளில் எடுத்துரைத்தார். உழைத்து நைந்த முழங்கால் பகுதியும் வெளுத்த நிறமும் அத்துணியில் அப்படியே இருக்கின்றன. ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

இதை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் நோயாளர் அனைவரும் நலம்பெற்று வீடு திரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்த மனைவியோ மகளோ, ஒரு நாள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அலமாரியில் மடித்து வைத்த வேட்டியையும் சேலையையும் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. உடனே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தொடாமலே வைத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. மனம் இசையும் நாளில் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தைக்கத் தொடங்கலாம். துயரத்துக்கு மருந்து என்று இதைச் சொல்லமாட்டோம். துயரத்தோடு உட்கார்ந்திருப்பதற்கு ஓர் இடம் என்று சொல்லலாம்.

உடலிலும் மனத்திலும் நிகழ்வது

மூளையின் புறணியில் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்கும் பகுதி தனித்தனியே உண்டு. முதுகு முழுமைக்கும் உரிய இடத்தைவிட, கைக்கும் விரல்களுக்கும் உரிய இடம் பெரிது. பக்கவாதத்துக்குப் பின் கையை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே அப்பகுதி புதிய வழிகளைக் கற்பதற்குத் துணைசெய்கிறது. பொருளற்று விரலை மடக்கி நீட்டுவதைவிட, ஒரு பொருளைச் செய்து முடிக்கும் நோக்கத்தோடு பயிலும்போது நோயாளர் நெடுநாள் தொடர்கிறார் என்பதும் எங்கள் அனுபவம். கைவினை இவ்வாறு மருத்துவத்தின் பகுதியாவதையே ஆக்குபேஷனல் தெரபி என்கிறோம். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனைகளில் நெசவும் கூடை பின்னுதலும் கற்பிக்கப்பட்ட காலத்தில் இத்துறை வேரூன்றியது.

வலியைப் பொறுத்தவரை, கவனம் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும்போது உணரப்படும் வலி குறைவதுண்டு. ஆனால் மூட்டின் அழற்சி அதனால் குறைந்துவிடாது. எனவே, கைவினையில் ஈடுபட்டு வலி தெரியவில்லை என்பதற்காக மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் சிகிச்சைகளுள் ஒன்று, சிறுசிறு செயல்களை நாளின் குறித்த நேரத்தில் செய்யப் பழக்குவது. மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திருக்கக் கூடாது. சிறிதளவு செய்யச் செய்யவே மனம் மெல்ல வரும் என்பது அதன் அடிப்படை. மேரி டெலானி இதை எந்த மருத்துவரிடமும் கேட்டறியவில்லை, வாழ்ந்து கண்டறிந்தார். ஆயினும், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் கைவினையை மட்டும் நம்பியிராமல் எங்களிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல் அன்றே வாருங்கள்.

தொடங்கும் முறை

பொருள்கள் வீட்டிலேயே உள்ளன. தையற்கடையில் ஒதுக்கும் வெட்டுத்துணி, பழைய பருத்திச் சேலை, கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த வண்ணத்தாள், நாள்தோறும் கிழிக்கும் காலண்டர் தாள் ஆகியவை போதும். ஒட்டுவதற்கு மைதாமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதுமானது. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு; நோயாளர் புழங்கும் பசையில் சேர்க்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் வேண்டிய அளவு மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இருபது நிமிடம் போதும். முடக்குவாதம் உள்ளவர்கள் காலையில் மூட்டு விறைப்பு தளர்ந்த பின்னும், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் மாத்திரையின் பயன் நன்கு தெரியும் நேரத்திலும் அமரவேண்டும். முடித்தபின் எழுந்த வலி இரண்டு மணி நேரத்துக்குமேல் நீடித்தால், செய்தது மிகுதி என்று பொருள். மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

அலகைச் சிறிதாக வையுங்கள். முழுப் போர்வையை மனத்தில் வைத்துக்கொண்டால் மலைப்பே மிஞ்சும். உள்ளங்கை அளவுள்ள ஒரு சதுரம், அல்லது ஒரு பூவின் ஐந்து இதழ்கள் என்பது ஒரு நாளுக்குப் போதுமான அளவு. மேரியும் 985 மலர்களை ஒவ்வொன்றாகவே செய்தார். பின்புறத்தில் நாளைக் குறித்துவையுங்கள். மாதக் கடைசியில் அத்துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நோய் முழுவதுமாக விழுங்கிவிடாத நாட்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இருக்கையும் ஒளியும் முக்கியம். முதுகைத் தாங்கும் நாற்காலியில் அமர்ந்து, முழங்கை மேசைமீது படியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வரட்டும். கத்தரிக்கோல், வெட்டியதும் தானே திறந்துகொள்ளும் வில்லமைப்புள்ளதாக இருந்தால் விரல்மூட்டுக்குச் சுமை குறையும். பென்சிலுக்குத் தடித்த ரப்பர் உறை மாட்டினால் பிடிப்பு எளிதாகும்.

நோய்க்கேற்ற எச்சரிக்கைகள்

புற்றுநோய் மருந்து பெறுவோர்: வெள்ளணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருக்கும் நாட்களில் ஊசியும் கூரிய கத்தியும் வேண்டாம், தாள் மடித்தல், கையால் கிழித்து ஒட்டுதல் ஆகியவை போதும். எந்த நாட்கள் என்பதைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நெறிக்கட்டிகள் நீக்கப்பட்டோர்: அந்தக் கையில் ஊசி குத்துப்படாமல், தையற்காரர் அங்குஸ்தான் என்று கூறும் விரல்கவசத்தை அணியுங்கள். குத்திய இடம் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனோர்: சூடான இஸ்திரிப்பெட்டியும் உருகும் பசைக்குழலும் வேண்டாம். சூடு உணரப்படுமுன் தோல் வெந்துவிடும். வேலை முடிந்ததும் விரல்நுனிகளையும், தரையில் ஊசி விழுந்திருக்கக்கூடும் என்பதால் பாதங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர்: மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலைப் பயன்படுத்துங்கள். வெட்டுக்காயம் பட்டால் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையெனில் உடனே வாருங்கள்.

பக்கவாதம் உற்றோர்: தாள் நழுவாமலிருக்க அடியில் ரப்பர் விரிப்பு, மேலே ஒரு கனமான பொருள் வையுங்கள். தளர்ந்த கையை மடியில் விட்டுவிடாமல் தாளைப் பிடிக்கும் கையாகப் பயன்படுத்துங்கள்.

டயாலிசிஸ் பெறுவோர்: சிகிச்சை நடக்கும்போது குழாய் பொருத்திய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையால் நிறங்களைத் தேர்ந்து அடுக்குவதை மட்டும் செய்யுங்கள்.

மூச்சிரைப்பு உள்ளோர்: பஞ்சு பிரித்தலும் பழந்துணி கிழித்தலும் தூசு எழுப்பும், அவற்றைப் பிறர் வெளியில் செய்து தரட்டும். தெளிப்பான் பசையைத் தவிருங்கள்.

மறதிநோய் உள்ளோர் வீட்டிலும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வையுங்கள்.

உடனிருப்போர் அறியவேண்டியது

எங்களிடம் வரும் குடும்பங்களில் அன்பு குறைவாக இருப்பதைவிட, அன்பு வேலையைப் பறித்துக்கொள்வதையே மிகுதியாகக் காண்கிறோம். "அம்மா, நீ சும்மா இரு, நான் செய்கிறேன்" என்னும் சொல் பரிவினால் பிறப்பதே. ஆனால் நாள்தோறும் அதைக் கேட்கும் தாய்க்கு, 'நீ இனி வேண்டியதில்லை' என்பதாகவே அது ஒலிக்கிறது.

புல்ஸ்ட்ரோடு கோமகள் செய்ததை நினைத்துப் பாருங்கள். அவர் மேரிக்காக ஓர் இதழையும் வெட்டித் தரவில்லை. மலரை வரவழைத்தார், இடமும் ஒளியும் தோழமையும் தந்தார், முடிந்ததைப் பார்த்து வியந்தார். மத்தீசின் உதவியாளர்களும் தாளுக்கு வண்ணம் பூசினர். வெட்டும் கையும் முடிவெடுக்கும் மனமும் அவருடையவை. உடனிருப்போர் செய்யவேண்டியதும் இதுவே. ஊசியில் நூல் கோத்துத் தாருங்கள். தைக்கும் வேலை அவருடையது. கோணலாக இருந்தால் இரவில் பிரித்துத் திருத்திவைக்காதீர்கள். முடிந்த பொருளுக்கு வீட்டில் ஒரு பயன் கொடுங்கள். பேரக்குழந்தையின் தொட்டிலுக்கு விரிப்பாகவோ, பூசை அறையின் விளக்குக்கு அடித்துணியாகவோ, பக்கத்து வீட்டாருக்குப் பிறந்தநாள் வாழ்த்தாகவோ அது போய்ச் சேரட்டும். பெற்றுக்கொண்டே இருப்பவர், அன்று தருபவராகிறார்.

உடனிருப்போருக்கும் கைகள் உண்டு. சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நீண்ட நேரங்களில் ஒரு சிறு பையில் நான்கு துணிச்சதுரங்களை வைத்துக்கொள்ளுங்கள். தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்து தைக்கும்போது, நோயைப் பற்றி அல்லாத பேச்சு தானே தொடங்குவதைக் கண்டிருக்கிறோம்.

நிறுத்தத் தெரிதல்

மேரி டெலானி ஆயிரம் மலர்களை முடிக்க எண்ணியிருந்தார். 1782இல், எண்பத்திரண்டாம் வயதில், பார்வை மங்கியது. 985ஆவது மலரோடு அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அவ்வேலைக்கு விடைகூறிச் சில வரிகள் எழுதினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். வின்ட்சரில் அரசர் தந்த இல்லத்தில், அரச குடும்பத்தாரும் நண்பர்களும் அவரை நாடி வந்தனர். 1788 ஏப்ரலில் மறைந்தார். குறைந்த பதினைந்து மலர்களைப் பற்றி இன்று எவரும் குறைசொல்வதில்லை.

உங்கள் போர்வையும் முடியாமற்போகலாம். நோய் முந்திக்கொள்ளலாம், கண் மங்கலாம், ஒரு வாரம் முழுவதும் ஊசியைத் தொடமுடியாமற் போகலாம். அந்நாட்களில் தைக்கவேண்டும் என்பது இன்னொரு கடமையாகி உங்களை வருத்தவேண்டாம். முடிந்த சதுரங்கள் முடிந்தவைதாம். அவற்றை எந்த நோயும் பிரித்துவிடாது.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, பரிசோதனை அறிக்கைகளோடு நீங்கள் செய்த ஒரு சதுரத்தையோ ஒரு தாள்மலரையோ கொண்டுவாருங்கள். தையலின் நேர்த்தியும் இடைவெளியும் உங்கள் விரல்களைப் பற்றி எங்களுக்குச் சில செய்திகளைச் சொல்லும். அதைவிட முதன்மையாக, உங்கள் கைகள் இப்போது என்ன செய்கின்றன என்பதை அறிய நாங்கள் விரும்புகிறோம்.